நாலாம் லேனில் கொளுத்தின கற்பூரம்

சப்பாத்தை அதிலயே கழட்டிப்போட்டு வாங்கோ தம்பி. புதுச் சப்பாத்தெண்டாலும் அப்பிடித்தான். மந்திரி வந்த நேரம் அவரையும் கழட்டச் சொன்னனான். அவர் கழட்டேல்ல, அது வேற கதை. மதிலோட வைச்சிட்டு இந்தக் கதிரையில வந்து இருங்கோ. வெயில் தாழ உள்ளுக்க கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். இப்ப காலை வைச்சால் கொப்புளம் போடும். றப்பர் தரையெல்லே.

எங்கயிருந்து வாறியள், கனடாவோ? கடற்கரைச் சேர்ச்சுத் திருவிழாவுக்கோ? அப்ப அவசரமில்லை, பின்னேரம் பூசை தொடங்க இன்னும் நேரம் கிடக்கு. என்ர பேர் பஞ்சலிங்கம். இந்த மைதானத்துக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளையார் கோயில் பரிபாலன சபைக்கும் இருபத்திரண்டு வருசமா நான்தான் தலைவர். ஊருக்கு உழைச்சு உழைச்சு ஓடாய்ப் போனன் எண்டு வையுங்கோவன்.

உந்தக் கறுத்தக் கல்லைப் பாருங்கோ. மேல வெளிநாட்டுத் தூதுவரின்ர பேர். அதுக்குக் கீழ மந்திரி. பிறகு செயலாளர், பணிப்பாளர், தரை போட்ட கொம்பனி. மண் கொண்டந்து பறிச்ச லொறிக்காரன்ர பேர் மட்டுந்தான் இல்லை. ஆகக் கீழ ஒரு வரியில சீமெந்து பூசியிருக்கெல்லே? அது என்ர பேர். மைதானப் பொறுப்பாளர் சி. பஞ்சலிங்கம் எண்டு வடிவா வெட்டியிருந்தது. ஒரு நாள் காலமை வந்து பாக்கிறன், மூடிக் கிடக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல. சரி, பூசினதையாவது ஒழுங்காப் பூசினாங்களோ? தட்டினால் கழரும். ஒட்டுப் போடுறதெண்டால் சமனா வரவேணும் தம்பி, கையை வைச்சுத் தடவினால் தெரியக்கூடாது. இந்த நாட்டில ஒருத்தனுக்கும் ஒரு வேலை செய்யத் தெரியாது. அரியண்டம் பிடிச்ச கூட்டம்.

கதை என்னெண்டு கேட்டியளெண்டால், எட்டு நாடு சேந்து நடத்திற விளையாட்டுப் போட்டி ஒண்டு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முதல் அது எங்கட நாட்டின்ர முறை. கூப்பிட்டுப்போட்டம், ஆனால் எட்டு நாட்டுச் சனத்தை ஓட விட இடம் காணாது. மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிப்போட்டு அரிசிக்கு ஓடின மாதிரி. அப்பதான் அந்த வெளிநாடு வந்து, நாங்கள் உதவி செய்யிறம் எண்டது. எந்த நாடெண்டு பேர் சொல்லமாட்டன். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது. கொழும்பில பெரிய அரங்கம், நீந்திற தடாகம் எல்லாம் அவையின்ர காசு. வெளி மாவட்டங்களிலயும் பயிற்சித் தரை போடவேணும் எண்டு அவை நிண்டதால எங்களுக்கும் ஒண்டு கிடைச்சது. மாடு மேய்ஞ்ச காணி இது. இப்ப பாருங்கோ, நீலக் கடல் மாதிரிக் கிடக்கு.

தரை போட அந்த நாட்டு எஞ்சினியர் ஒருத்தர் வந்தார். கட்டையான மனிசன், எந்த நேரமும் ஒரு துணித் தொப்பி. நாலு மாதம் இந்த வெயிலில நிண்டார். வேலை தெரிஞ்ச ஆள்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் பழக்கவழக்கம் துப்பரவாக் கிடையாது. தரையில குப்புறப் படுத்துக் கிடந்து கன்னத்தை வைச்சுச் சமன் பாப்பார். பிறகு அதிலயே இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். எனக்கு ஓங்காளிக்கும். வேலை முடிய ஒரு புத்தகம் தந்தார், தரையை எப்பிடிப் பாவிக்கிறதெண்டு. இங்கிலீசிலயும் தமிழிலயும் அடிச்ச வழுவழுப்பான புத்தகம். கண்டவன் நிண்டவன் தொட்டு ஊத்தையாக்கிப்போடுவான் எண்டு நான் கொண்டுபோய்ச் சாமியறையில வைச்சன். இப்பவும் பொலித்தீன் பிரிக்காமல் இருக்கு. வெள்ளிக்கிழமையில அதுக்கும் ஒரு பூ வைக்கிறனான்.

தரை முடிஞ்சுது. திறப்பு விழாவுக்கு மந்திரி நாள் தரவேணும். முதல் தந்த நாள் கரிநாள், நான் ஏலாதெண்டன். ரெண்டாம் நாள் அவருக்கு ஆரோ செத்த வீடு. மூண்டாம் நாள் தூதுவர் ஊரில இல்லை. பதினொரு கிழமை, ரெண்டரை மாதம் போச்சுது. அந்தப் பதினொரு கிழமையும் இந்தக் கேற் பூட்டினது பூட்டினபடி, பூட்டின்ர திறப்பு என்ர இடுப்பில. ஒரு காகம் இறங்க விடேல்ல.

கரைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்ரர், ஜெறோம் எண்டு, அவர்தான் வந்து வந்து நிண்டார். அவரிட்ட நிரோஜினி எண்டு ஒரு பிள்ளை. பதினெட்டு வயது, நானூறு மீற்றர் ஓடுறவள். தாய் கருவாடு போடுறவ. நான் ஆக்களைப் பிரிச்சுப் பாக்கிறவன் இல்லைத் தம்பி, ஆர் ஆரெண்டு உங்களுக்கு விளங்கச் சொல்லுறன், அவ்வளவுதான். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவுப் போட்டி இந்தத் தரையிலதான் நடக்கிறதெண்டு கடிதம் வந்திருந்தது. முதல் ரெண்டு பேர் எட்டு நாட்டுப் போட்டிக்குப் போவினம்.

"ஐயா, இந்தப் பிள்ளை கடல் மணலில ஓடிப் பழகினது. றப்பர் தரையில ஆணிச் சப்பாத்து போட்டு ஒருநாளும் ஓடேல்ல. ஒரு கிழமைக்குத் திறந்து விடுங்கோ" எண்டார்.

"மாஸ்ரர், குடிபூராத வீட்டில ஆரும் உலை வைப்பினமோ?" எண்டன்.

"இது வீடில்லை ஐயா, ஓடுறதுக்குப் போட்ட தரை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். சும்மா தரையே இது?" எண்டு கேட்டன். மனிசன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிட்டார். அவள் பின்னால நிண்டு கேற்றுக் கம்பிக்குள்ளால தரையையே பாத்துக்கொண்டு நிண்டாள். எனக்கு ஒரு வணக்கம் சொல்லேல்ல.

ஒரு நாள் விடியக் காலமை கோயிலுக்குப் பூப் பிடுங்க வந்தனான். கேற்றடியில ஒரு சோடி நீல றப்பர் செருப்பு. ஒண்டோடொண்டு சேத்து, கோயில் வாசலில வைக்கிற மாதிரி வடிவா வைச்சுக் கிடக்கு. எட்டிப் பாக்கிறன், அவள் உள்ளுக்க ஓடுறாள். வெறுங்கால். மதில் ஏறிக் குதிச்சிருக்கிறாள். சத்தமே இல்லைத் தம்பி, பூனை ஓடின மாதிரி. வளைவில திரும்பி வரேக்க என்னவோ ஒரு... சரி, அதை விடுங்கோ. "ஆரடி அது" எண்டு கத்தினன். அந்தப் பக்கத்து மதிலால பாஞ்சு போட்டாள். செருப்பை எடுக்க வரேல்ல.

நான் ஒரு தடியால செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்து அறையில வைச்சன், சாட்சிக்கு. கையால தொடுவனோ? மீன் மணம். அடுத்த நாள் மாஸ்ரரோட வந்து செருப்பைக் கேட்டாள். பள்ளிக்கூட அதிபரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வா எண்டன். அதிபருக்கு நானும் ஒரு கடிதம் எழுதினன். அவர் அவளை ரெண்டு கிழமை பயிற்சிக்கு விடேல்ல, அது அவற்ற முடிவு. அவள் அந்தத் தார் றோட்டால வெறுங்காலோட போனாள். ஒரு செருப்பு வாங்க வழியில்லாத வீடோ? எல்லாம் எனக்குக் காட்டுறதுக்குத்தான்.

திறப்பு விழாவைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டியள். நிறைகுடம், குத்துவிளக்கு, ரெண்டு கூட்டு மேளம். எல்லாம் என்ர ஒழுங்கு. பந்தல், ஓட்டம் முடியிற கோட்டுக்கு நேர. கோட்டுக்கு ஒரு பத்துப் பாகம், அறுபது அடி இஞ்சால, நாலாம் லேனில பூசை. எட்டு லேனில நடு லேன் எண்டால் நாலுதானே. மந்திரி ஒரு தேங்காய், தூதுவர் ஒரு தேங்காய். பிறகு வாழையிலை விரிச்சு, அதில ரெண்டு கை நிறையக் கற்பூரம் குவிச்சு நான்தான் கொளுத்தினன். இலை சுருண்டுது. பேந்து கறுத்தப் புகை எழும்பிச்சுது, ரயர் எரிஞ்ச மாதிரி ஒரு நாற்றம். ஊர்க் கண்பட்ட கண்ணூறு எரியுதெண்டு சனம் சொல்லிச்சுது. நானும் அப்பிடித்தான் நினைச்சன்.

விழாவுக்கு வந்திருந்த அந்தத் தொப்பிக்கார எஞ்சினியர் பந்தலுக்குப் பின்னால இருந்து கத்திக்கொண்டு ஓடி வாறார். மந்திரிக்குக் கிட்ட ஆரும் ஓடி வரலாமோ? பொலிஸ் பிடிச்சு வைச்சிட்டுது. விட்ட உடன வந்து, எரிஞ்ச இடத்துக்குப் பக்கத்தில நிலத்தில இருந்திட்டார். உள்ளங்கையளவு ஓட்டை. பெத்த பிள்ளைக்கு ஏதோ வந்த மாதிரி அதைத் தடவுறார், கண் கலங்குது. இவ்வளவு சனத்துக்கு முன்னால ஒரு ஆம்பிளை. நான் ஒரு மாலையை எடுத்து ஓட்டைக்கு மேல போட்டு மூடினன், படத்தில விழக்கூடாதெல்லே.

மொழிபெயர்க்கிற பிள்ளை வந்து சொல்லிச்சுது, தங்கட நாட்டில இருந்து ஆள் வந்து வெட்டிப் புதுசாப் போடும் வரைக்கும் நாலாம் லேனில ஒருத்தரும் ஓடக்கூடாதாம், எழுதித் தொங்கவிடட்டாம் எண்டு. நான் ஓமெண்டு தலையாட்டினன். அண்டைக்கு நான் எத்தினை பேருக்குத் தலையாட்டியிருப்பன். எல்லாத்தையும் மனசில வைச்சிருக்க ஏலுமோ? தொப்பிக்காரர் அண்டைக்கே கொழும்புக்குப் போட்டார், அங்க பெரிய அரங்கத்தில வேலையாம்.

ஆள் வரேல்ல. இந்தா வாறம், அந்தா வாறம் எண்டு தூதரகம் சொல்லிக்கொண்டிருந்தது. தெரிவுப் போட்டிக்கு மூண்டு நாள் கிடக்கு. ஓட்டை கிடக்கெண்டு தெரிஞ்சால் போட்டியைக் கொழும்புக்குத் தூக்கிப்போடுவாங்கள். ஊருக்கு வந்த ஒரே ஒரு மரியாதை. நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்யிறது?

அறைக்குள்ள போனன். மூலையில அந்த நீலச் செருப்பு. கொண்டந்து தரையோட வைச்சுப் பாக்கிறன், அதே நிறம். கடவுள் காட்டின வழியெண்டுதான் நினைச்சன். ஒண்டின்ர குதிப்பக்கத்தை ஓட்டையின்ர அளவுக்கு வட்டமா வெட்டினன். மூண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினன், மஞ்சள் தண்ணி தெளிச்சன். பூசை நடந்த இடத்தில செருப்பை வைச்சான் எண்டு ஒருத்தனும் என்னைச் சொல்லேலாது. சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுற சொலூசன் பூசி ஒட்டி, மேல அம்மிக்கல்லை ஏத்தி வைச்சன். சேர்ச்சு வாசலில செருப்பு மாறுப்படக்கூடாதெண்டு குதியில ஊசி சுட்டு 'நி' எண்டு எழுதி வைச்சிருந்தவள். அந்த எழுத்துப் பக்கம் கீழ போகத்தான் ஒட்டினனான். எனக்கும் அறிவு இருக்கு. கையால தடவிப் பாத்தன். தெரியேல்ல தம்பி. என்ர கண்ணுக்கே தெரியேல்ல.

போட்டியண்டு கொழும்பு, கண்டி எல்லா இடத்திலயும் இருந்து பிள்ளையள். லேனுக்குச் சீட்டுக் குலுக்க வெளிக்கிட்டினம். நான் போய்க் கதைச்சன். "தரை எங்கட ஊர்த் தரை, எங்கட பிள்ளைக்கு நடு லேனைத் தாங்கோ" எண்டு கேட்டன். அதிகாரிமார் சிரிச்சுப்போட்டுத் தந்தினம். நாலாம் லேன். பூசை நடந்த லேன். அவ்வளவு கோபத்தையும் மனசில வைக்காமல் நான் அவளுக்குச் செய்த நன்மையைப் பாருங்கோ. ஜெறோம் மாஸ்ரர் என்ர ரெண்டு கையையும் பிடிச்சு, "ஐயா, மறக்கமாட்டன்" எண்டார். இப்ப என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போறார். மனிசரைப் பாருங்கோ. சீ.

ஓட்டம் தொடங்கிச்சுது. ஆரோ இரவல் குடுத்த ஆணிச் சப்பாத்து அவளின்ர காலில. கடைசி வளைவால திரும்பேக்க அவள்தான் முன்னுக்கு. ரெண்டாவதா வந்தவள் நாலைஞ்சு பாகம் பின்னால. ஊரே எழும்பி நிக்குது, நானும் நிண்டு கை தட்டுறன். பூசை நடந்த இடத்துக்கு வரேக்க கால் எதிலயோ கொழுவினது தெரிஞ்சுது. விழுந்தாள். விழுந்த சத்தம் இந்தக் கதிரையடி வரைக்கும் கேட்டுது.

எழும்பினாள். எல்லாரும் தாண்டிப் போட்டினம். ஒரு கையை மற்றக் கையால தாங்கிக்கொண்டு நடந்து வாறாள். நடக்கேக்க டப், டப் எண்டு ஒரு சத்தம். ஆணியில அந்த ஒட்டு கொழுவிக்கொண்டு வருது. முடியிற கோட்டைத் தாண்டி வந்து நிலத்தில இருந்தாள். அதைப் பிடுங்கினாள். திருப்பிப் பாத்தாள். பெருவிரலால அந்த எழுத்தைத் தடவினாள். பேந்து தலையை நிமித்தி என்னைப் பாத்தாள். அழேல்ல, ஏசேல்ல. ஏசியிருந்தால் நானும் ரெண்டு ஏச்சு ஏசி முடிச்சிருப்பன். பாத்தாள், அவ்வளவுதான். பெரியாக்களை அப்பிடிப் பாக்கிற பழக்கம் என்ன பழக்கம்?

அதுக்குப் பிறகு விசாரணை. தரை முழுதும் எத்தினை ஆயிரம் சதுர அடி, அதில உள்ளங்கையளவுக்கு என்னைக் கூண்டில ஏத்தினாங்கள். கொழும்பாலயிருந்து மூண்டு பேர் வந்தவை. அதில ஒருத்தன் அந்தச் செருப்புத் துண்டை ஒரு பொலித்தீன் பையில போட்டு என்ர மூஞ்சைக்கு நேர ஆட்டிக் காட்டுறான். கற்பூரம் கொளுத்தேக்க கும்பிட்டுக்கொண்டு நிண்ட மந்திரியை ஒருத்தரும் கேக்கேல்ல. ஆள் அனுப்பாத தூதரகத்தைக் கேக்கேல்ல. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து ஓடினவளைக் கேக்கேல்ல. இளிச்சவாயன் நான்தானே. கல்லில என்ர பேருக்குச் சீமெந்து.

எட்டு நாட்டுப் போட்டி நடந்து முடிஞ்சுது. நான் ரீவியில பாத்தன். நானூறு மீற்றரில எங்கட நாட்டுப் பிள்ளையளில முன்னுக்கு வந்தவள் அஞ்சாவது. நிரோஜினி விழுந்திருக்காட்டி அண்டைக்கு ஓடி முடிச்சிருக்கிற நேரத்துக்கு மூண்டாவதா வந்திருக்கலாமாம், ஜெறோம் மாஸ்ரர் ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அது சும்மா கதை. நானும் ரீவி பாத்த அண்டு ஒரு தாளில எழுதிப் பாத்தனான். மூண்டாவதுதான் வருது. அதுக்காக?

அவளின்ர கை பொருந்திட்டுது. கால் நல்லாத்தான் இருக்கு. தொப்பிக்காரர் பேந்து தானே வந்து அந்த லேனை வெட்டிப் புதுசாப் போட்டுவிட்டார், என்னோட ஒரு கதை கதைக்கேல்ல. இப்ப காலமையும் பின்னேரமும் கேற் திறந்துதான் கிடக்கு. ஒருத்தரும் வருகினமில்லை, பக்கத்து வீட்டு ஆடுதான் வருது. அவள் இந்த றோட்டாலதான் ஒவ்வொரு பின்னேரமும் ஓடுறாள். தார் றோட்டில. வெறுங்கால். நான் கதிரையை இதில போட்டு இருக்கிறனான். "பிள்ளை, உள்ளுக்க வா, தரை சும்மாதானே கிடக்கு" எண்டு எத்தினை தரம் கூப்பிட்டிட்டன். சப்பாத்தோடயே வா எண்டும் சொல்லிப் பாத்தன். இந்தப் பக்கம் தலையைத் திருப்பிறாளில்லை. அவ்வளவு திமிர்.

எழும்பிட்டியளோ? தரையைப் பாக்கேல்லையோ? சரி, உங்களுக்கும் நேரம் போகுது. தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்கோ. நீங்கள் சேர்ச்சுக்குத்தானே போறியள்? அவளின்ர வீடு சேர்ச்சுக்குப் பின்பக்கம், கிணத்தடிக்குப் பக்கத்தில. இந்தப் பையை அவளிட்டக் குடுத்துவிடுறியளோ? ஆர் தந்ததெண்டு சொல்லவேண்டாம்.

மற்றச் செருப்புத்தான். ஒற்றைச் செருப்பு அவளுக்கு என்னத்துக்கெண்டு கேக்கிறியளோ? எனக்கு மட்டும் என்னத்துக்கு? மேசைக்குக் கீழ வைச்சால் காலில தட்டுப்படுது. அலுமாரிக்கு மேல வைச்சால் அங்கயிருந்து பாக்குது. மூண்டுதரம் குப்பைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டந்திட்டன். எடுக்க எடுக்க எனக்கு ஓங்காளிக்குது தம்பி, என்னெண்டு தெரியேல்ல. என்ர கையை மணந்து பாக்கிறன், மீன் மணமும் இல்லை, ஒண்டும் இல்லை. பிடியுங்கோ. அருவருக்காமல் பிடியுங்கோ. துப்பரவாத்தான் கிடக்கு. ஒவ்வொரு நாளும் கழுவுறன்.